கீமோவுக்குப் பின் மூச்சு வாங்குகிறதா? வயதைக் காரணம் சொல்ல வேண்டாம்

சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் மூத்த பெண்களிடம் முடி கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா என்று குடும்பத்தார் கேட்பார்கள். இருமலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வறட்டு இருமல் வந்தால் பழி புகைமூட்டத்துக்கோ ஏர்கோனுக்கோ போகிறது. படியேறும்போது மூச்சு வாங்கினால், “வயசாயிடுச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் மருந்தே நுரையீரலைப் பாதிக்கக்கூடும். இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படுபவை கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல். இவற்றில் பாக்லிடாக்செல்லும், நோய் திரும்பினால் சிலருக்குத் தரப்படும் ஜெம்சைட்டபினும் நுரையீரலின் காற்றறைச் சுவர்களில் அழற்சியை உண்டாக்கலாம். இது சிலருக்கே வரும். ஆனால் முற்றினால் தழும்பாக இறுகும், உயிருக்கும் ஆபத்தாகலாம். நுரையீரலைக் கெடுப்பதில் பேர்போன பிளியோமைசின், பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும் வேறுவகைச் சினைப்பைக் கட்டிக்கானது. இணையத்தில் அதைப் படித்துவிட்டுப் பாட்டியை நினைத்துப் பயப்பட வேண்டாம். எந்த மருந்து ஏறுகிறது என்று தாதியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களின் நுரையீரலுக்குத் தாங்கும் சக்தி குறைவு. ஏற்கெனவே நுரையீரல் நோய் இருந்தாலோ, நெஞ்சில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தாலோ கவனம் கூடுதலாகத் தேவை. “சிகரெட் பிடித்ததில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள் நம் பாட்டிகள். தோட்டத்தில் பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் புகையும் நுரையீரலை நாள்பட்ட நோயில் தள்ளும்.

மூச்சுத்திணறல் என்றாலே மருந்தின் வேலை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. இரத்தச்சோகை, கிருமித்தொற்று, நெஞ்சில் நீர் சேர்வது, நுரையீரலில் இரத்தம் உறைவது எல்லாமே இதே மாதிரி தோன்றும். இரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எடுத்துத்தான் பிரித்தறிவார்கள். மருந்துதான் காரணம் என்றால் அதை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தருவார்கள். அதைச் சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். இருமல் நின்றதும் வீட்டில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஒரு மருந்து நின்றால் புற்றுநோய்ச் சிகிச்சையே முடிந்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு மருந்துக்கு இடமிருக்கும். இந்தப் பயத்தால்தான் சிலர் இருமலையே மறைக்கிறார்கள்.

புதிதாக வறட்டு இருமலோ, நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமையோ இருந்தால் அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் சிகிச்சை தரும் வார்டுக்கு அழையுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மலேசியாவில் அவசர எண் 999. அங்கே முதலில் சொல்ல வேண்டியது, “கீமோ எடுக்கிறார்” என்பதைத்தான்.