இல்லத்தில் ஆக்கிய மதுவும் மலைத்தோட்டமும்: தானா ராத்தாவை முன்வைத்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை எழுதியோர் கள்ளைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். ஆயினும் அவ்வெழுத்துகளுள் பெரும்பாலானவை கள்ளுக்கடையையே மையமாகக் கொண்டவை. குடித்தவர், கடையை நடத்திய நிருவாகம், அதனை மூடப் போராடிய தலைவர்கள் ஆகிய மூவரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். வீட்டிலேயே உற்றாரும் நண்பரும் கூடி மது ஆக்கிய வழக்கம் மட்டும் குற்றமாகவோ நோயாகவோ ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. அது ஒரு தொழில்நுட்ப அறிவும் ஆகும் என்பது நோக்கத்தக்கது.

அவ்வறிவின் தொன்மைக்குப் பெரும்பாணாற்றுப்படை சான்றாகிறது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அதனோடு முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். முளைத்த தானியம் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது; நுரைமம் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. இன்று பீர் எனப்படுவதன் அடிப்படையும் இதுவேயாகும். பீர் ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை என்று வகுப்பறையில் கூறும் ஆசிரியர் இப்பகுதியை ஒருமுறை மாணவர்க்கு விளக்கிக் காட்டலாம்.

மலாயாவில் இவ்வறிவுக்கு இடமில்லாது போயிற்று. ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையே முறையான வழி. வீட்டில் காய்ச்சுவது சட்டத்திற்குப் புறம்பானது. 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வகுக்கப்பட்ட காலத்தில், அக்கூலியின் ஒரு பகுதி தோட்டத்து எல்லைக்குள்ளேயே கடைக்குத் திரும்பியது. கடையை மூடினால் தொழிலாளர் திருட்டுத்தனமாகச் சம்சு காய்ச்சுவர் என்பது நிருவாகத்தினர் மீண்டும் மீண்டும் கூறிய வாதம். எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1946-47இல் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கடைகளின் முன் மறியல் செய்தது. இப்போராட்டங்களின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் நிருவாகமும் சீர்திருத்தவாதிகளும் தொழிலாளியை வாங்கிக் குடிப்பவனாகவே கண்டனர்; ஆக்கத் தெரிந்தவனாகக் காணவில்லை.

இவ்வரலாறு சமவெளிக்கு உரியது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. சராசரி வெப்பம் ஏறத்தாழ 18 பாகை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தோட்டம் தொடங்கிற்று. கொழுந்து பறிக்க வந்தோருள் தமிழர் பெருந்தொகையினர். இம்மேட்டில் தென்னை பயன் தராது. இறக்கிய சில மணி நேரத்திலேயே பொங்கி, மறுநாளே புளித்துக் காடியாகும் கள்ளைத் தாப்பாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் ஏற்றுவதும் எளிதன்று. ஆகவே ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடையின் கதையை அப்படியே மலைக்குப் பெயர்த்து எழுதுவது பொருந்தாது. இங்கே அரிசியும் சர்க்கரையுமே மூலப்பொருளாக அமைய இயலும். குளிரில் நுரைமம் மெல்லவே செயற்படும். வெப்பமான கடற்கரையில் இரண்டு நாளில் விளைந்தது இங்கே மேலும் பல நாள் கேட்கும்.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிடுவது பயனுடையது. அங்கும் தேயிலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர். நுவரெலியாவில் 1881ஆம் ஆண்டிலேயே பீர் ஆலை தோன்றிவிட்டது. குளிரும் ஊற்றுநீரும் ஐரோப்பியரின் பீருக்கு உகந்தனவாயின. தொழிலாளர் வீட்டருகே மறைவில் வடித்ததோ கசிப்பு எனப்பட்டுத் தண்டனைக்கு உள்ளாயிற்று. ஒரே மலையில் ஆலையில் வடிப்பது தொழில், லயத்தில் வடிப்பது குற்றம். மலாயாவிலோ பீர் ஆலைகள் 1930களில் சிங்கப்பூரில்தான் எழுந்தன. அவற்றின் புட்டி கூலிக்காரருக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது.

மற்றொரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். நொதிக்க வைத்த மது வேறு, வடித்த சாராயம் வேறு, நஞ்சு கலந்த விற்பனைச் சரக்கு வேறு. 2018இல் சிலாங்கூர் முதலிய இடங்களில் 30க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த போலி மது; இறந்தோருள் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். அரிசியை நொதிக்க வைப்பதால் அத்தகைய அளவு மெத்தனால் உண்டாவதில்லை. சரவாக்கின் ஈபான் மக்கள் கவாய் திருநாளுக்கு வீட்டில் ஆக்கும் அரிசித் துவாக் பண்பாட்டு மரபாகப் போற்றப்படுகிறது. முனியாண்டிக்கு மதுப் படையல் வைக்கும் தமிழ்த் தொழிலாளியின் குடமோ அத்தகைய மதிப்பைப் பெறவில்லை.

தடைசெய்யப்பட்ட செயல் என்பதால் ஆக்கியோர் எழுத்தில் எதனையும் விட்டுச் செல்ல வழியில்லை. ஆவணம் இருப்பின் அது பெரும்பாலும் காவல், நீதிமன்றப் பதிவாகவே இருக்கும். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் களப்பணி மேற்கொள்ளும் மாணவர்கள் முதியோரிடம் எவ்வளவு குடித்தார்கள் என்பதை மட்டும் கேட்டுத் திரும்புதல் போதாது. எந்த அரிசி, எத்தனை நாள், எந்தப் பாத்திரம், குளிரிலிருந்து அதனை எவ்வாறு காத்தனர், பெண்களுள் யார் அறிந்திருந்தனர், எவ்விழாவுக்கு ஆக்கினர் என்பனவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் முதல் தலைமுறையைக் கண்டறிந்தோர் இப்போது வெகு சிலரே.