துல்ப்பின் இடுக்கியும் ஒரு முன்கையும்

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மொரித்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் தீட்டிய 'டாக்டர் நிக்கோலாஸ் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்' என்னும் ஓவியம் உள்ளது. 1632இல் அதனை வரைந்தபோது அவருக்கு அகவை 25. ஒளியும் நிழலும் குறித்துப் பெரிதும் பேசப்பட்ட இவ்வோவியத்தில் நாம் இங்குக் காண விழைவது, நடுவே தோல் நீக்கப்பட்டுக் கிடக்கும் இடது முன்கையை.

அக்கால ஆம்ஸ்டர்டாமில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவரின் உடலை ஆண்டுக்கொருமுறை குளிர்காலத்தில் பலரறியக் கூறுசெய்து விளக்கும் வழக்கத்தை அறுவை மருத்துவர் சங்கம் கொண்டிருந்தது. 1632 சனவரியில் கிடத்தப்பட்டவர், கொள்ளைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட ஆரிஸ் கிண்ட். விரைவில் அழுகும் குடலும் ஈரலும் உள்ள வயிற்றையே முதலில் திறப்பது அன்றைய முறை. ஓவியத்திலோ வயிறு தீண்டப்படவில்லை. முன்கை மட்டுமே திறந்துள்ளது. ஏன்?

விடைக்கு நாம் 1543க்குச் செல்லவேண்டும். அதற்கு முன் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பிய மருத்துவத்தை ஆண்டவர் கேலன். அவர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனித உடலுக்கும் ஏற்றிச் சொன்னார். அவற்றுள் பல பிழைகளைத் திருத்திய வெசாலியஸ், தம் பெருநூலில் இடம்பெற்ற உருவப்படத்தில், தோலுரித்த கையொன்றின் தசைநாண்களைக் காட்டியவாறு நிற்கிறார். துல்ப் தம்மை அவருடைய வழித்தோன்றலாகக் காட்டவே முன்கையைத் தேர்ந்தார் என்பது அறிஞர் சிலரின் கருத்து. நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது.

வெசாலியஸ் கையைத் தேர்ந்ததிலும் காரணம் உண்டு. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் இல்லை. வலிமையோடு மடக்குபவை முன்கையின் உட்புறத்தில் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை அடைகின்றன. மேலடுக்குத் தசையின் நாண் ஒவ்வொரு விரலிலும் இரண்டாகப் பிளந்து நடு எலும்பைப் பற்றுகிறது. அப்பிளவின் வழியே ஆழ்தசையின் நாண் நுழைந்து நுனி எலும்பைச் சேர்கிறது. ஒரு கையால் மறு முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை இறுக மடக்கினால், தோலுக்கடியில் தசை திரள்வதை வாசகர்கள் உணரலாம்.

ஓவியத்தில் துல்ப்பின் வலக்கை இடுக்கியால் அம்மடக்குதசையைத் தூக்குகிறது. இடக்கை விரல்களோ சற்றே மடங்கி, அத்தசையின் தொழிலை நடித்துக் காட்டுகின்றன. 2006இல் டச்சு மருத்துவர்கள் உண்மையான முன்கையொன்றை அறுத்து ஓவியத்தோடு ஒப்பிட்டுச் சில வேறுபாடுகளைச் சுட்டினர். ஆயினும் இறந்த கையின் அமைப்பையும் உயிருள்ள கையின் இயக்கத்தையும் ஒரே சட்டகத்தில் இணைத்த ரெம்பிராண்டின் நுட்பம் அதனால் குன்றவில்லை.

சூழ்ந்திருப்போருள் ஒருவர் கையில் ஒரு தாள் உள்ளது. அங்குள்ள மருத்துவர்களின் பெயர்கள் அதில் பிற்காலத்தில் எழுதப்பட்டன. பாடமாய்க் கிடந்தவரின் பெயர் அதில் இல்லை. அவரை நாம் வேறு ஆவணங்களால்தான் அறிகிறோம். விரல்களின் இயக்கத்தை நமக்குக் கற்பித்த வரலாற்றில், மொரித்ஸ்ஹவுஸ் ஓவியத்தின் முன் நிற்போர் ஆரிஸ் கிண்ட் என்ற பெயரையும் சேர்த்தே நினைத்தல் தகும்.