சுவர் யாருடையது? - டிவி சுவரேறிய கதை

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், அதற்கு அடுத்தது ஆணி! எங்கள் விராலிமலையில் தொழிற்சாலைகள் வந்த பிறகு, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அதிகம். தவணையில் 43 அங்குல டிவி வாங்கிவிட முடிகிறது. அதை மாட்ட நாலு ஓட்டை போடுவதற்குத்தான் அனுமதி கிடைப்பதில்லை.

டிவியைச் சுவரில் மாட்டுவதில் என்ன பெரிய வரலாறு என்று நினைக்காதீர்கள். இந்த நாலு ஓட்டைக்குள் அறிவியல், அரசியல், சட்டம் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிவி இருந்த இடங்கள்

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் பக்கத்துக்கு அது உடனே வந்துவிடவில்லை. கடலோரத்தில் இருந்தவர்கள் 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை உயரமான ஆன்டெனா கட்டிப் பார்த்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களில் தூர்தர்ஷன் சரியாகத் தெரிய ஆரம்பித்தது.

அப்போது டிவி என்பது வீட்டுப் பொருளே இல்லை, ஊர்ப் பொருள். பல கிராமங்களில் பஞ்சாயத்து டிவி இருந்தது. அதற்கென்று ஒரு சின்ன அறை, பூட்டு, சாவி, சாவிக்கு ஒரு பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் என்றால் ஊரே அதன் முன்னால் மண்ணில் உட்காரும். அடுத்த கட்டம், தெருவில் ஒரு வீட்டில் டிவி. அங்கே அது மரப்பெட்டிக்குள் இழுவைக் கதவோடு, மேலே பூத்தையல் துணி விரித்து, மூலையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்க்க வருபவர்களில் யார் நாற்காலியில், யார் தரையில், யார் ஜன்னலுக்கு வெளியே என்பதை வசதியும் சாதியும் முடிவு செய்தன. கேபிளும் 1993-ல் சன் டிவியும் வந்தபோதும் இந்த நிலை முழுதாக மாறவில்லை.

மாற்றியது 2006 தேர்தல். தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் கொடுக்கப்பட்டன. அரசுப் பணத்தில் இப்படிக் கொடுப்பது சரியா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நடந்தது: அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று டிவி பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

கனமானது கீழே, லேசானது மேலே

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிவி உண்மையிலேயே கனமாக இருந்த காலத்தில் யாரும் அதைச் சுவரில் மாட்டவில்லை. பழைய டிவியின் கனம் அதன் படக்குழாயில் இருந்தது. உள்ளே காற்றே இல்லாத பெரிய கண்ணாடிக் குடுவை அது. வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்க முன்பக்கக் கண்ணாடி தடிமனாக இருக்க வேண்டும். அதனால் 14 அங்குல டிவி பத்து கிலோவுக்குப் பக்கம், 29 அங்குலம் நாற்பது கிலோ வரை. ஸ்டாண்டும் ஷோகேஸும்தான் அதற்குச் சரி.

சுவரில் தொங்கும் தட்டையான திரைக்கான விதை 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விழுந்தது. கணினி வழியே பாடம் நடத்தும் ஒரு திட்டத்துக்காக டொனால்ட் பிட்ஸரும் அவருடைய கூட்டாளிகளும் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். அது 42 அங்குல டிவியாகக் கடைக்கு வர 1997 ஆனது. அதே 1997-ல் வீசா என்ற அமைப்பு, திரையின் பின்னால் ஸ்க்ரூ ஓட்டைகள் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு அளவை நிர்ணயித்தது. (பாஸ்போர்ட் விசா இல்லை, இது வேறு!) 75-க்கு 75, 100-க்கு 100 என்று தொடங்கி, பிறகு பெரிய டிவிகளுக்கு 200, 400 என்று வளர்ந்தது. எந்தக் கம்பெனி டிவிக்கும் தெருமுனைக் கடையில் பிராக்கெட் கிடைப்பதற்குக் காரணம் இந்தப் பொது அளவுதான். பிளாஸ்மா போய் எல்.இ.டி. வந்தபோது கனம் இன்னும் குறைந்தது. இன்று 43 அங்குல டிவி பத்து கிலோவுக்குள்தான்.

ஒரு ஓட்டையின் வரலாறு

நம் பழைய வீடுகளில் சுவர் சுமந்தது மிகக் குறைவு. விளக்குக்கு மாடம் சுவருக்குள்ளேயே குடையப்பட்டிருக்கும். பாத்திரத்துக்குப் பரண். ஆணியில் தொங்கியவை மூன்றோ நான்கோ: விராலிமலை முருகன் படம் போட்ட காலண்டர், கல்யாண போட்டோ, மாலை போட்ட தாத்தா படம், கண்ணாடி. செங்கல்லில் ஆணி தானாக நிற்காது என்பதால், கனமான எதையாவது மாட்ட வேண்டுமென்றால் சுவரைச் சதுரமாகக் கொத்தி, மரத்துண்டு பதித்து, சிமெண்ட் பூசி, காய்ந்த பிறகு அதில் ஸ்க்ரூ முடுக்குவார்கள்.

இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டியவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ். 1910களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை அவருக்கு வந்தது. சின்ன ஓட்டை போட்டு, சணல் நாரில் செய்த குழாயைச் செருகி, அதற்குள் ஸ்க்ரூவை முடுக்கினார். ஸ்க்ரூ நுழைய நுழைய நார் விரிந்து சுவரைக் கவ்விக்கொண்டது. எலக்ட்ரீஷியன்கள் இன்றும் "ராவல் பிளக்" என்று சொல்வது அவர் வைத்த பெயர்தான்! 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில் செய்தார். நம் டிவியைத் தாங்குவது விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சமாச்சாரம்தான்.

டிவி எடுத்துச் சென்றால் யாருக்குச் சொந்தம்?

பி.காம். மாணவன் என்பதால் சட்டத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. :-) 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், "நிலத்தோடு இணைந்தது" என்பதை மூன்றாகப் பிரிக்கிறது. நிலத்தில் வேர் விட்டது, அதாவது மரம். நிலத்தில் பதிந்தது, அதாவது சுவர். அந்தச் சுவரின் நிரந்தரப் பயனுக்காக அதோடு பொருத்தப்பட்டது, அதாவது கதவு, ஜன்னல்.

டிவி இதில் எது? ஸ்க்ரூ போட்டிருக்கிறோமே, அதுவும் கதவு மாதிரிதானே என்று தோன்றும். இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. லூட்டன் ஹூ என்ற மாளிகையில் ஆயுள் உரிமையோடு வாழ்ந்த ஒரு பெண்மணி, விலை உயர்ந்த சித்திரத் திரைச்சீலைகளைச் சுவரில் மரச்சட்டம் அடித்துப் பொருத்தியிருந்தார். அவர் இறந்த பிறகு அவை வீட்டோடு சேர்ந்தவையா, அவருடைய வாரிசுக்கா என்று சண்டை. அழகுக்காக மாட்டியவை, சுவரின் பயனுக்காக அல்ல, ஆகவே வீட்டோடு சேராது என்று 1902-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. லீ எதிர் டெய்லர் என்பது வழக்கின் பெயர். அதே தர்க்கத்தில் டிவி நம்முடையது.

ஆனால் ஓட்டை? நம் சட்டத்தின் 108-வது பிரிவு, குடியிருப்பவர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் விட வேண்டும் என்கிறது. அதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை! "ஆணி அடிக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே கேட்டு, "டிவிக்கு நாலு துளை போடலாம், காலி செய்யும்போது அடைத்துத் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் சண்டை பாதி குறையும்.

சுவரும் மெலிந்தது

டிவி மெலிந்த அதே காலத்தில் சுவரும் மெலிந்துவிட்டது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருந்த இடத்தில் இன்று நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கும் வந்துவிட்டன. மேல்பூச்சு மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். குட்டையான பிளக்கைப் போட்டால் அதில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். செங்கல்லைக் கவ்வாது.

இன்னொரு கணக்கும் உண்டு. டிவி சுவரோடு ஒட்டியிருந்தால் கனம் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். முன்னால் இழுத்துத் திருப்புகிற கை பிராக்கெட் என்றால் கதை வேறு. 15 கிலோ டிவியை 40 செ.மீ. வெளியே இழுத்து, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 30 கிலோ. டிவியின் கனத்தைப் போல இரண்டு மடங்கு! அதில் ஒரு குழந்தை தொங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சுவரைத் தட்டிப் பார்த்து சத்தம் கேளுங்கள். "டொக் டொக்" என்று வெற்றொலி வந்தால் ஹாலோ பிளாக்குக்கான பிளக்கை வாங்குங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், உள்ளே வயர் போகும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் பிளக்காகக் கேளுங்கள்.

டிவி எல்லோர் வீட்டுக்கும் வருவதற்கு 1975-லிருந்து முப்பத்தைந்து வருடங்கள் ஆயின. அதை மாட்ட ஒரு சொந்தச் சுவர், உறுதியான சுவர், இன்னும் எல்லோருக்கும் வரவில்லை. உங்கள் வீட்டின் முதல் டிவி எந்த மூலையில் இருந்தது, யார் யார் பார்க்க வந்தார்கள், யாருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரலாறு கிடைக்கும்.