'ஒரே ஒரு தம்' ஆசை எவ்வளவு நேரம் இருக்கும்? சிகரெட்டை விடுபவர்கள் சமாளிப்பது எப்படி?

காலையில் "இனிமே சிகரெட்டே கிடையாது" என்று முடிவெடுத்தவர், 11 மணிக்கு டீக்கடையில் "ஒண்ணே ஒண்ணுதானே" என்று பற்ற வைத்துவிடுகிறார். இதற்கு மன உறுதி இல்லாதது மட்டுமே காரணம் அல்ல.

ஏன் இந்த ஆசை?

புகையில் உள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டி, டோபமைனைச் சுரக்க வைக்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மூளை மறுபடியும் கேட்கும். எரிச்சல், தூக்கமின்மை, அதிகப் பசி எல்லாம் வருவது இதனால்தான். முதல் சில நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். பெரும்பாலானவர்களுக்கு 3, 4 வாரங்களில் இது தணிந்துவிடும்.

ஆனால், ஒவ்வொரு முறை எழும் தவிப்பும் பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களைக் கடத்துவதுதான் சூட்சுமம்.

என்ன செய்யலாம்?

* "10 நிமிஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள்.
* தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.
* மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்.
* அந்த இடத்தை விட்டு நகர்ந்து, சிறிது தூரம் நடங்கள்.
* வாய்க்கு ஏலக்காய், சோம்பு போதும். பான் மசாலா, ஹான்ஸ் பக்கம் போகாதீர்கள்.

டீயையும் விடணுமா?

விட வேண்டாம், குறைத்தால் நல்லது. புகைப்பவர்களின் உடலில் இருந்து காஃபின் வேகமாக வெளியேறும். சிகரெட்டை நிறுத்தியதும் அது கூடுதல் நேரம் தங்கும். அதனால், வழக்கமாகக் குடிக்கும் அதே நாலு டீ இப்போது படபடப்பைத் தரலாம். அதை சிகரெட் ஏக்கம் என்று தவறாக நினைத்துவிடுவதும் உண்டு.

நிகோடின் சூயிங்கம் உதவுமா?

உதவும். ஆனால், சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். டீ, காபி குடித்தால் 15 நிமிடம் கழித்தே பயன்படுத்த வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரிடம் கேட்பது அவசியம். இ-சிகரெட் இதற்கு மாற்று அல்ல; இந்தியாவில் 2019 முதல் அதற்குத் தடை உள்ளது.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்?

"எல்லாம் போச்சு" என்று மிச்சப் பாக்கெட்டையும் காலி செய்யாதீர்கள். எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது தடுமாறினீர்கள் என்று பாருங்கள். அடுத்த முறை அந்தச் சூழலைத் தவிர்த்து, அன்றே மறுபடி தொடங்குங்கள். உதவிக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். அந்த எண் சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கிறது.