மருந்துக் கடைக்காரர் வாய் திறந்த கதை

நோயாளிக்குப் புரியாத மாதிரி எழுத வேண்டும் என்று ஓர் அரசாங்கம் விதி போடுமா? போட்டிருக்கிறது. அதுவும் அமெரிக்காவில், 1938-ல்!

அதற்கு முந்தைய வருடம் அங்கே ஒரு பெரிய சோகம் நடந்தது. சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து இனிப்பு டானிக் மாதிரி விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அந்த அதிர்ச்சியில் 1938-ல் புதிய மருந்துச் சட்டம் வந்தது. எந்த மருந்தானாலும் அதை உபயோகிக்கும் முறை லேபிளில் இருக்க வேண்டும் என்றது சட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் அதே ஆண்டு அரசு வெளியிட்ட விதிகளில், டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்கும் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை: மருந்து எந்த நோய்க்கு என்று எழுதினால், சாதாரண ஆளுக்குப் புரிய வாய்ப்பில்லாத மருத்துவச் சொற்களில்தான் எழுத வேண்டும். ஜனங்கள் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டால் என்ன ஆவது என்ற பயம்.

1951-ல் டர்ஹாம்-ஹம்ஃப்ரி திருத்தம் வந்து, சீட்டு தேவைப்படும் மருந்து, தேவைப்படாத மருந்து என்று சட்டத்திலேயே கோடு கிழித்தது. (அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த இருவருமே முன்பு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்தவர்கள். அதில் ஹம்ஃப்ரி பிற்காலத்தில் துணை ஜனாதிபதி ஆனார்!) மறு வருடமே, 1952-ல், அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் தன் நெறிமுறையில் இன்னொரு கோடு போட்டது. சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை மருந்தாளுநர் நோயாளியிடம் பேசக் கூடாது. கேட்டால் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். அந்தக் காலத்துப் புட்டிகளில் பெரும்பாலும் மருந்தின் பெயர்கூட எழுதியிருக்காது.

யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் வருஷக்கணக்கில் மருந்தைப் பற்றியே படித்த ஒருவர், அதை வாங்க வந்தவரிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கடையில் ஐஸ்கிரீம் விற்கலாம், சிகரெட் விற்கலாம். அதற்குத் தடையில்லை.

இதை முதலில் மீறிப் பார்த்தவர்களில் யூஜின் ஒயிட் முக்கியமானவர். வர்ஜீனியா மாநிலத்தில் பெர்ரிவில் என்ற சிறிய ஊரில் கடை வைத்திருந்தார். 1960-ல் அவர் கடையிலிருந்த மற்ற சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, இடத்தை ஓர் அலுவலகம் போல மாற்றினார். ஒவ்வொரு நோயாளிக்கும் என்னென்ன மருந்து கொடுத்தோம் என்று பதிவு அட்டை வைத்துக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். நன்றாக விற்கிற சரக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, காசு கிடைக்காத பேச்சை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்! ஆனால் காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில் மருந்தாளுநர்களை வார்டுக்கே அனுப்பும் திட்டம் தொடங்கியது. மாணவர்களும் அங்கே நோயாளியின் கட்டில் அருகிலேயே பயிற்சி பெற்றார்கள். 1969-ல் சங்கமும் நெறிமுறையைத் திருத்தி, பழைய வாய்ப்பூட்டைக் கழற்றியது.

பேச்சுக்குப் பூட்டு கழன்றது. எழுத்து? அதற்குப் பெண்கள் கூச்சல் போட வேண்டியிருந்தது.

கருத்தடை மாத்திரைக்கு 1960-ல் அனுமதி கிடைத்தது. இரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் பற்றிப் பல பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1969-ல் பார்பரா சீமன் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். அங்கே சாட்சி சொன்னவர்களில் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவர்கூட இல்லை! ஆலிஸ் உல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டார்கள். டெலிவிஷன் கேமராக்கள் திரும்பின. அந்த வருடமே மாத்திரையோடு நோயாளிக்கு ஒரு துண்டுச்சீட்டு வைக்க உத்தரவானது. (இதற்கு முன் 1968-ல் ஆஸ்துமாவுக்கான ஒரு இன்ஹேலரில் சின்ன எச்சரிக்கை போடச் சொல்லியிருந்தார்கள்.) ஆனால் முதல் வரைவில் சுமார் 600 வார்த்தை இருந்தது. டாக்டர்களும் கம்பெனிகளும் ஆட்சேபித்த பிறகு வெளிவந்ததில் சுமார் 100 வார்த்தைதான் மிஞ்சியது.

பிறகு நடந்தது இழுபறி. 1980-ல் பத்து வகை மருந்துகளுக்குத் துண்டுச்சீட்டு கட்டாயம் என்று விதி வந்தது. 1982-ல் ரீகன் ஆட்சியில் அதை வாபஸ் வாங்கினார்கள். அச்சடிக்க, அடுக்கி வைக்க, எடுத்துக் கொடுக்க யார் செலவு செய்வது என்பதுதான் பெரிய சண்டை. தனியார் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் பாணியில்! சில நிறுவனங்கள் தகவலைத் தொகுத்து விற்க, கடையின் கம்ப்யூட்டர் அதை அச்சடித்துப் பையில் போட்டது.

1990-ல் அரசு கொஞ்சம் சாமர்த்தியமாக யோசித்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் அரசுப் பணத்தில் மருந்து வாங்கும் நோயாளியிடம், விளக்கம் சொல்லட்டுமா என்று மருந்தாளுநர் கேட்டாக வேண்டும் என்று ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். 1993 ஜனவரி 1 முதல் அமலானது. பெரும்பாலான மாநிலங்கள் அதை எல்லா நோயாளிகளுக்கும் விரித்தன. 1996-ல் இன்னொரு சட்டம் இலக்கு வைத்தது: 2006-க்குள் புதிய சீட்டோடு வருபவர்களில் 95 சதவீதம் பேருக்குப் பயனுள்ள எழுத்துத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

அதில் "பயனுள்ள" என்ற சொல்தான் எல்லோரையும் மாட்டிவிட்டது. 2001-ல் நோயாளி வேஷத்தில் ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சுமார் 89 சதவீதம் பேருக்குத் தாள் கிடைத்தது. ஆனால் அந்தத் தாள்களின் பயன் சராசரியாகப் பாதிதான். 2008-ல் மறுபடி பார்த்தபோது 94 சதவீதம் பேருக்குத் தாள் கிடைத்தது. அதில் முக்கால்வாசிதான் குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டது.

ஆக, தாள் கொடுப்பது ஒரு வேலை, புரியவைப்பது வேறு வேலை. இதை 2006-ல் வெளியான ஒரு ஆய்வு முகத்தில் அறைந்த மாதிரி காட்டியது. டெர்ரி டேவிஸ் குழுவினர் மூன்று ஊர்களில் 395 நோயாளிகளிடம் லேபிள்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: இரண்டு மாத்திரை, தினம் இருமுறை. படிப்பறிவு குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள் என்றால்? நான்கை எடுத்துக் காட்டியவர்கள் 35 சதவீதம் பேர்தான்! வாசிக்கத் தெரிந்திருக்கிறது. கணக்கு அவர்கள் தலையில் விழுந்துவிட்டது. பிற்பாடு, லேபிளில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று நேரடியாக எழுதும்படி அமெரிக்க மருந்துத் தர அமைப்பு 2012-ல் பரிந்துரைத்தது.

மருந்தியல் மாணவர்களுக்குத் தாள் எழுதக் கற்றுக்கொடுப்பது இந்த இடத்தில்தான் அர்த்தமாகிறது. தெரிந்ததை எல்லாம் கொட்டுவது மாணவர்களின் பழக்கம். பரீட்சைக்கு அதுதான் மார்க். இங்கே தலைகீழ். ஒரு மருந்துக்கு இருக்கும் ஐம்பது பக்கவிளைவுகளில் எந்த மூன்றுக்கு உடனே ஆஸ்பத்திரி ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது என்று எழுத வேண்டும். அங்கே ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் அளவில் எழுது என்பார்கள். அதை அளக்க 1969-ல் மெக்லாலின் உருவாக்கிய ஸ்மாக் போன்ற சூத்திரங்கள் உண்டு. முப்பது வாக்கியத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அசைகள் உள்ள சொற்களை எண்ணுவது அதன் முறை. எழுதி முடித்ததும் மருந்தியல் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் டேவிட் ஸ்லெஸ் போன்றவர்கள் இந்தப் பரிசோதனையைத்தான் வலியுறுத்தினார்கள். தேவையானதைத் தாளில் கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டுபிடித்ததும் புரிகிறதா, இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

மொழி மாறும்போது இன்னும் சிக்கல். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த ஸ்பானிஷ் லேபிள்களைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். பாதியில் ஏதாவது ஒரு பிழை. ஆங்கிலத்தில் "ஒருமுறை" என்பதற்கு எழுதும் அதே நான்கு எழுத்து, ஸ்பானிஷில் பதினொன்று! மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டால், தினம் ஒரு மாத்திரை பதினொன்றாகிவிடும் அபாயம்.

நம்மூருக்கு வருவோம். இந்தியாவில் ஆறு வருட ஃபார்ம்.டி படிப்பு 2008-ல் வந்தது. அதன் பாடத்திட்டத்தில் நோயாளிக்கான தகவல் தாள், அதன் உள்ளடக்கம், வடிவமைப்பு என்று ஒரு வரி இருக்கிறது. 2015-ல் வந்த மருந்தக நடைமுறை விதிகள் மருந்தாளுநர் ஆலோசனை சொல்ல வேண்டும் என்கின்றன. கடையில் நடப்பதோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பார்கள். பல நேரம் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும். பெட்டிக்குள் தாள் இருந்தால் அதுவும் அங்கேதான், டாக்டருக்காக எழுதிய ஆங்கிலத்தில்.

அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதப் போகும் மாணவருக்கு ஸ்மாக் கணக்கும் உதவாது. "எடுத்துக்கொள்ளவேண்டும்" என்ற ஒரே சொல்லிலேயே ஏழு அசை வந்துவிடுகிறதே! எது எளிய தமிழ் என்பதற்குத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் பாட்டியிடம்தான் போக வேண்டும். "இருவேளை" என்றால் எந்த இரண்டு வேளை, மொத்தம் எத்தனை மாத்திரை என்று அவரே எண்ணிக் காட்டட்டும்.