பாலாற்றில் தண்ணீர் வருதாம்! பேரப்பிள்ளைகளோடு கிளம்பும் முன் கொஞ்சம் வரலாறு



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் வீடுகளில் இரண்டு சந்தோஷம். தீபாவளிக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் சென்னை, பெங்களூரு பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வரும்: "பாலாத்துல தண்ணி வருதாம்!" அரை மணி நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும்.

போவதில் தப்பே இல்லை. வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறு ஓடுவதைப் பேரனுக்குக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது? ஆனால் இந்த ஆற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. கிளம்பும் முன் பெரியவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆறு எங்கிருந்து வருகிறது?

நம் திருப்பத்தூர் பக்கம் ஓடுவது பாம்பாறு. அது தென்பெண்ணையில் போய்ச் சேரும். வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக ஓடுவதுதான் பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர். ஆந்திர எல்லையில் புல்லூர் கனகநாச்சியம்மன் கோயில் அருகே உள்ள தடுப்பணையைத் தாண்டித்தான் நம் மாவட்டத்துக்குள் வருகிறது. 5 அடி உயரமாக இருந்த அந்த அணையை 2016-ல் ஆந்திர அரசு 12 அடியாக உயர்த்தியது. அது நிரம்பி வழிந்தால் நம் பக்கம் தண்ணீர் வரும். அதனால் நமக்கு வரும் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி வருவது குறைவு. ஒரேயடியாக வருவதுதான் அதிகம்.

கோலார் மாவட்டத்துப் பாலாற்றுப் படுகை முழுக்க ஏரிகள். ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். படிப்படியாகக் கீழே இறங்கும் இந்தச் சங்கிலி, மழை குறைவான சீமைக்கு நம் முன்னோர் செய்துவைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பலவீனமும் உண்டு. மேலே ஒரு கரை உடைந்தால், அத்தனை தண்ணீரும் கீழ் ஏரியின் கரையில் வந்து மோதும். அதுவும் தாங்காவிட்டால் அதற்கடுத்தது.

1903 நவம்பர் 12

அதுதான் 1903-ல் நடந்தது. அப்போது வாணியம்பாடி, சேலம் மாவட்டத்துத் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. மைசூர் சீமையில் பெய்த கனமழையில் ஏரிகள் உடைந்தன. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் அந்த ஆண்டு உடைந்தது. அந்த வெள்ளம் பாலாற்றில் இறங்கி, நவம்பர் 12 அன்று வாணியம்பாடிக்குள் புகுந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. சுமார் 200 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக எழுப்பிய தூண் வாணியம்பாடியில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அந்த வெள்ளம் வந்தது வாணியம்பாடியின் வானத்திலிருந்து மட்டும் அல்ல. பல மைல் தள்ளி, வேறொரு சீமையில் பெய்த மழையிலிருந்தும்தான். இன்றும் அப்படித்தான். இங்கே வெயில் அடிக்கிறது, தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடுகிறது என்று பிள்ளையை இறக்கிவிடுகிறோம். மேலே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஏலகிரி அட்டாற்றுத் தண்ணீர் விழும் ஜலகாம்பாறை அருவிக்கும் இதே கணக்குதான். மலைமேல் மழை பெய்தால், கீழே நிற்பவருக்கு அது தெரிவது தண்ணீர் வந்த பிறகுதான்.

தாத்தா பார்த்த ஆறும் பேரன் பார்க்கும் ஆறும்

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பாலாறு என்றால் மணல்தான் நினைவுக்கு வரும். கையால் ஊற்று தோண்டினால் தண்ணீர் சுரக்கும். அதைச் சிரட்டையில் மொண்டு குடித்தவர்கள் நம்மில் உண்டு. ஆற்றிலிருந்து ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சிய காலமும் உண்டு. அந்த மணல் மேடு சமமாக இருந்தது. தண்ணீர் வந்தாலும் எங்கே ஆழம், எங்கே மேடு என்று ஊர்க்காரருக்குத் தெரிந்திருந்தது. "நாங்க எல்லாம் அங்கதான் குதிச்சு விளையாடினோம், ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்வது அந்த நினைவில்தான்.

இன்று அந்த மணல் பல இடங்களில் இல்லை. அள்ளிய இடமெல்லாம் பள்ளம். தண்ணீர் ஓடும்போது மேற்பரப்பு ஒன்றுபோலத் தெரியும். அடியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் ஆழம் இருக்கலாம். நீச்சல் தெரிந்த பெரியவரையே தடுமாற வைக்கும் பள்ளம் அது.

தண்ணீரும் மாறிவிட்டது. தோல் தொழில் நம் வட்டாரத்துக்குச் சோறு போட்ட தொழில். அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்திய நாட்டின் சட்டமாக அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சாதாரணக் குடிமக்களின் நல மன்றம் ஒன்றின் வழக்கு அது. நம்மைப் போன்ற சங்கத்தார் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

நமக்கு இதில் உடனடியாகத் தேவையானது இவ்வளவுதான்: மழைத் தண்ணீரோடு வெள்ளை நுரை பொங்கி வந்தால் பிள்ளைகள் அதை அள்ளி விளையாட ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். கையில் பட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். புண் உள்ள காலோடு அந்தத் தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.

2021 நமக்கு நினைவூட்டியது

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மாதனூர் – உள்ளி தரைப்பாலம் வெள்ளத்தில் போனது. அதே மாதம் 19-ம் தேதி, பக்கத்துப் பேரணாம்பட்டில் மழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அவர்கள் ஆற்றில் இறங்கியவர்கள் இல்லை, வீட்டுக்குள் இருந்தவர்கள். மழைக்காலத்தில் ஆபத்து ஆற்றங்கரையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தரைப்பாலம் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே பெரியவரைக் கீழே தள்ளிவிடும். ஓர் அடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் மிதந்து போய்விடும். நாலு வயதுப் பிள்ளையின் எடை பதினைந்து கிலோ சொச்சம். அதன் கையை நாம் பிடித்திருப்பது போதாது. நம் காலே நிற்காத இடம் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. இந்தச் சாவுகளைத் தடுக்க முடியும் என்பதால்தான் ஐ.நா. பொதுச்சபை 2021-ல் ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. சினிமாவில் வருவதுபோல் மூழ்கும் குழந்தை கை அசைத்துக் கத்தாது. சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அது.

அப்படியானால் எப்படிப் போவது?

பாருங்கள், ஆனால் இறங்காதீர்கள். உயரமான பாலத்தின் நடைபாதையிலிருந்தோ தடுப்புச் சுவர் உள்ள இடத்திலிருந்தோ பார்க்கலாம். தரைப்பாலமும் வழுக்கும் மண்கரையும் வேண்டாம். போகும் முன்பே பெரியவர்களில் ஒருவரைக் "காவல்" என்று பேர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. பிள்ளையிலிருந்து கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாருமே பார்க்காமல் போவதுதான் நடக்கும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கயிறு, சேலை, நீளமான கொம்பு, மூடி இறுக்கிய காலி கேன் எதுவானாலும் எறியுங்கள். வண்டியில் ஒரு நைலான் கயிறு எப்போதும் இருக்கட்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் பழைய வழக்கம். செய்யாதீர்கள்; நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை தேறி அழுதாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும்.

நம் வளாகத்துக்குள்

ஆற்றுக்குப் போகாதவர்களுக்கும் வேலை உண்டு. மழைக்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். சம்ப் மூடியில் பூட்டு இருக்கிறதா? குளியலறையில் இரவில் வாளி நிறையத் தண்ணீர் நிற்கிறதா? தவழும் குழந்தைக்கு அரை வாளி தண்ணீரே ஆபத்து. சுற்றுச்சுவரில் விரிசலோ சாய்வோ தெரிகிறதா? தெரிந்தால் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை அந்தச் சுவரோரம் பிள்ளைகள் விளையாட வேண்டாம், வண்டியும் நிறுத்த வேண்டாம்.

மழை விடாத நாட்களில் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க ஒரு யோசனை. நேரான ஒரு பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, ஸ்கேலை ஒட்டி, திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பேரன் நோட்டில் எழுதட்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அளவு எடுக்கிறது. மறுநாள் செய்தியில் வரும் கோலார், ஏலகிரி மழையளவையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இங்கே பூஜ்யம், அங்கே கனமழை என்று ஒரு நாள் வரும். 1903-ல் என்ன நடந்தது என்பது அன்றைக்குப் பிள்ளைக்குத் தானாகவே புரிந்துவிடும்.

மழை முடிந்து தை, மாசியில் வானம் தெளிந்ததும் ஜவ்வாது மலையில் காவலூர் போகலாம். அங்கே உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. பார்வையாளர் நாட்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஆற்றைப் பார்க்கும் ஆசையை அடக்கிய பிள்ளைக்கு அது நல்ல பரிசு.

இந்த எண்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, குழந்தைகள் உதவி எண் 1098.

இந்த மழைக்காலம் ஏரியை நிரப்பட்டும். நம் பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பட்டும். அடுத்த இதழில் சந்திப்போம்.