சிறைப்பட்டோரின் இல்லங்கள்

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே தென்னாபிரிக்காவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டோர் வணிகருமல்லர், யாத்திரிகருமல்லர். பிரித்தானியரோடு பொருது சிறைப்பட்ட போயர் வீரர் அவர்கள். ஊவா மலைநாட்டிலே தியத்தலாவையில் அமைந்த பாசறையில், முட்கம்பி வேலிக்குள்ளே, ஏறத்தாழ 5,000 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பினர். அதனைச் செய்ய மறுத்து இந்நாட்டிலேயே தங்கிப் பின்னர் யால வனத்துக்குக் காவலராகிய எங்கல்பிறெக்ற் என்பாரின் கதை தென்னிலங்கையில் இன்றும் வழங்குவது.

தியத்தலாவைக் கைதிக்கு உணவு கிடைத்தது, உடை கிடைத்தது. நோயால் இறந்தோர் உளர் எனினும், பெரும்பாலோர் உயிரோடு மீண்டனர். ஆனால் அவர் விட்டுவந்த மனைவி மக்களின் கதி வேறு. அவர்தம் பண்ணை வீடுகளை எரித்த ஆங்கிலப் படை, பெண்களையும் சிறுவரையும் கூடார முகாம்களில் அடைத்தது. கணவன் சரணடையாது இன்னும் போர்க்களத்தில் நிற்பானாயின், அவன் குடும்பத்துக்குத் தொடக்கத்திலே குறைந்த பங்கீடே அளக்கப்பட்டது. ஆடவனை வெல்ல இயலாதபோது அவன் அடுப்பின்மீது கைவைத்தல் என்னும் இம்முறை தென்னாபிரிக்க வரலாற்றில் பின்னரும் தலைகாட்டுவதால், இதனை இங்கு குறித்துக்கொள்ளல் தகும்.

அம்முகாம்களில் இறந்த போயர் மக்கள் ஏறத்தாழ 28,000 பேர். அவருள் 22,000 பேரளவினர் சிறுவர். ஆபிரிக்க மக்களுக்கெனத் தனியே வகுத்த முகாம்களிலே மாண்டோர் 14,000 பேருக்குக் குறையார். அவர்களைக் கணக்கெடுத்துப் பேசுவார் நெடுங்காலம் இலர். இக்கொடுமையை உலகறியச் செய்தவர் எமிலி ஹொப்கவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. பெண்கள், சிறுவர் ஆகியோரின் துயர்தீர்க்க நிதி திரட்டிக்கொண்டு 1900ஆம் ஆண்டு டிசெம்பரில் கேப்ரவுண் சேர்ந்த அவர், கண்டவற்றை அறிக்கையாக எழுதி மறுவாண்டு இலண்டனில் வெளியிட்டார். தம் நாட்டாரே அவரைத் துரோகி என்று தூற்றினர். போயர்களோ அவரைத் தாயெனப் போற்றினர். 1926இல் அவர் மறைந்தபின் அவருடைய அஸ்தியைப் புளூம்பொன்ரீனில் உள்ள மகளிர் நினைவுத் தூணின் அடியிலே வைத்தனர்.

போர் ஓய்ந்து ஆறாண்டு செல்லுமுன் திரான்சுவாலில் வேறொரு வகையினர் சிறை செல்லலாயினர். ஆசியர் யாவரும் விரலடையாளம் பதித்துப் பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் எழுந்த சத்தியாக்கிரகிகள் அவர்கள். நாளடைவில் வணிகர் பலர் சோர்ந்து விலக, விடாது நின்றவருட் பெரும்பாலோர் தமிழரே. 18 வயதுத் தமிழிளைஞன் சாமி நாகப்பன், 1909ஆம் ஆண்டு மாரிக்காலத்துக் கடுங்குளிரிலே சிறைமுகாமில் வேலை வாங்கப்பட்டு, நோயுற்ற நிலையில் வெளிவந்து, யூலை மாதத்தில் இறந்தான்.

சிறைசென்றோரின் குடும்பங்களுக்கு முதலில் மாதந்தோறும் பணமே வழங்கப்பட்டது. தேவைக்குத் தக்கபடி கொடுத்தாலும் அதில் குறைபாடுகள் நேர்ந்தன, நிதியும் கரைந்தது. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் வைத்து, உழைத்து உண்ணச் செய்வதே வழியென்று காந்தியடிகள் எண்ணினார். 1910ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, அவருடைய நண்பரும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞருமாகிய கலன்பாக், யொகான்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலே 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். தோல்ஸ்தோய் பண்ணை என்று பெயர்பெற்ற அவ்விடம் வரலாற்று நூல்களிலே பெரும்பாலும் காந்தியடிகளின் வாழ்க்கைப் பரிசோதனைக் கூடமாகவே பேசப்படும். உண்மையில் அது சிறைப்பட்டோரின் மனைவி மக்களுக்கு இருப்பிடமாக எழுந்தது என்பதை மறத்தலாகாது. தமிழும் தெலுங்கும் குசராத்தியும் இந்தியும் பேசுவோர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர், பார்சிகள் ஆகிய யாவரும் அங்கே ஒரே சமையலை உண்டனர்; செருப்புத் தைத்தனர்; பழமரங்களைப் பேணினர்.

1913இல் பெண்களும் மறியலுக்குச் சென்றனர். தில்லையாடி வள்ளியம்மை மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பெற்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி தம் பதினாறாம் வயதில் மறைந்தார். அவரைத் தமிழர் அறிவர். அவர்போன்றோர் சிறை சென்ற காலத்திலே பின்னே நின்று உலை வைத்த கைகள் யாருடையன என்று கேட்பார் சிலரே.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. முகாம்களில் மாண்ட தாய்மாருக்குத் தூண் நாட்டிய அதே போயர் மரபினரின் கட்சி அது. நிறவொதுக்கலை நாட்டின் சட்டமாக்கிய அவ்வரசு, சிறைச்சாலையைத் தன் நிருவாகத்தின் இன்றியமையா உறுப்பாக்கிற்று. பத்திரமின்றி நகரத்தெருவில் நடந்த குற்றத்துக்காக ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான ஆபிரிக்கர் பிடிபட்டனர். 1959ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டம், சிறைகளைப் பற்றிப் பொய்ச் செய்தி வெளியிடலைக் குற்றமாக்கி, உண்மையறியத் தக்க முயற்சி எடுத்ததாக நிறுவும் பொறுப்பை வெளியிட்டவர் தலையிற் சுமத்தியது. 'றான்ட் டெயிலி மெயில்' பத்திரிகை 1965இல் சிறைநிலை குறித்து எழுதியமைக்காக அதன் ஆசிரியரும் நிருபரும் வழக்குக்கு இழுக்கப்பட்டு, 1969இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். இச்சட்டத்தால் சுவருக்குள்ளே நடப்பது சுவருக்குள்ளேயே அடங்கிற்று.

1961இலிருந்து அரசியற் கைதிகளை அடைத்த றொபன் தீவு, கேப்ரவுண் கரையிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் தூரத்திலேயே உள்ளது. முன்னர் அது தொழுநோயாளரைத் தனிப்படுத்திய தீவு. 1964ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஆயுட்காலத் தண்டனை பெற்று நெல்சன் மண்டேலாவும் தோழரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். சிற்றறை, பாய், மெல்லிய கம்பளிகள். பகலிலே சுண்ணாம்புக் கல்லகழும் வேலை. ஆனால் அச்சிறையின் இயல்பை விளங்கிக்கொள்ள அதன் சமையலறையை நோக்குதல் வேண்டும். அங்கே உணவும் நிறத்தின்படியே அளக்கப்பட்டது. ஆபிரிக்கனுக்குச் சோளக்கூழும் அவித்த சோளமும் உண்டு, பாண் கிடையாது. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் சிறிது பாண் உண்டு. சர்க்கரையும் சற்றுக் கூடுதல். உடையிலும் அவ்வாறே. ஒரே வழக்கிலே ஒரே தண்டனை பெற்றவருள், இந்தியராகிய அகமது கத்ராடாவுக்கு நீண்ட காற்சட்டையும் ஏனைய ஆபிரிக்கருக்குச் சிறுவர் அணியும் அரைக் காற்சட்டையும் வழங்கப்பட்டன. இத்துணை நுட்பமாகச் சிறுமை செய்வதற்கும் ஒரு கணக்கப்பிள்ளை இருந்து பதிவேடு எழுதினான் அல்லவா!

இவற்றினும் கொடியது வேறொன்று. கடைநிலைக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்; ஆறு மாதத்துக்கு ஒருவர் வந்து அரைமணி நேரம் காணலாம். கடிதத்தின் சொற்களுக்கு எல்லை உண்டு. தணிக்கையாளர் கத்தியால் வெட்டிய துளைகளோடு அது வந்துசேரும். காணவந்தவர் குடும்பச் செய்தியே பேசலாம். அதையும் காவலருக்குப் புரியும் ஆங்கிலத்திலோ ஆபிரிக்கானிலோதான் பேசவேண்டும். தாய்மொழியன்றி வேறறியாத முதிய தாய் மகனோடு என்ன பேசுவாள்? இரண்டு வயதுக்கு மேற்பட்டு, பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. 1960இற் பிறந்த மண்டேலாவின் இளைய மகள் தந்தையைத் தீவிலே கண்டது 1975ஆம் ஆண்டில். 1968இல் தாயும் 1969இல் மூத்த மகனும் இறந்தபோது அவர் இறுதிச் சடங்குக்குச் செல்ல விடப்படவில்லை.

வெள்ளையராயினும் விலக்கில்லை. மண்டேலாவுக்காக வாதாடிய நியாயவாதி பிறாம் பிஷர், போயர் குடியரசின் புகழ்பெற்ற அரசறிஞர் ஒருவரின் பேரன். 1966இல் ஆயுட்காலத் தண்டனை பெற்ற அவர், மகன் இறந்தபோது ஈமச்சடங்குக்குப் போக இயலவில்லை. புற்றுநோய் முற்றிய நிலையில் சகோதரர் வீட்டில் வைக்கப்பட்டு 1975இல் இறந்தபின், அவருடைய அஸ்தியையும் சிறைத் திணைக்களம் எடுத்துக்கொண்டது. எமிலி ஹொப்கவுஸின் அஸ்திக்குத் தூணடியில் இடமளித்த நாடு இதுவே.

வீட்டிலிருந்தோர் நிலை யாது? உழைப்பவன் மறியலுக்குப் போனதும் வருவாய் நின்றது. நகரத்து வீடு ஆபிரிக்கருக்கு உரிமையன்று. நகரசபை தரும் குடியிருப்பு. கணவன் பெயரில் இருந்த வீட்டை மனைவி இழக்கவும், நகரில் வாழும் உரிமையே பறிபோய் அவள் அறியாத கிராமமொன்றுக்கு அனுப்பப்படவும் கூடும். யொகான்னஸ்பேர்க்கிலிருந்து கேப்ரவுணுக்குப் புகையிரதத்தில் 900 மைலுக்கு மேற்பட்ட பயணம். அரைமணி நேரச் சந்திப்புக்காக அப்பயணத்துக்குப் பணம் தேடுவதும், சென்றவிடத்தில் இரவு தங்கத் திண்ணை தேடுவதும் அவள் பாடு. பிற்காலத்திலே தென்னாபிரிக்கத் திருச்சபைகளின் பேரவை, குடும்பத்தாரின் பயணச் செலவுக்கு உதவியது. கேப்ரவுணில் கௌலி இல்லம் அவர்கள் தங்கும் மனையாயிற்று.

ஆயினும் நெடுங்காலம் பெருஞ்சுமை தாங்கியது இலண்டனிலிருந்த ஒரு நிதியம். 1956ஆம் ஆண்டு டிசெம்பரில் 156 பேர் இராசத்துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்யப்பட்டனர். இலண்டன் புனித பவுல் பேராலயத்துக் குருவாகிய யோன் கொலின்ஸ் அவ்வழக்கின் செலவுக்கும் குடும்பங்களின் பராமரிப்புக்கும் பணம் திரட்ட முன்வந்தார். வழக்கு நான்காண்டுக்கு மேல் நீண்டது. பிணையில் நின்றோரும் நாடோறும் நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தமையால் தொழிலிழந்தனர். 1961 மார்ச்சில் எஞ்சியோர் யாவரும் விடுதலையாயினர். அந்த நிதியே பின்னர் பாதுகாப்பு உதவிக்கான சர்வதேச நிதியமாக வளர்ந்தது.

1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தென்னாபிரிக்க அரசு அதனைத் தடைசெய்தது. அதன் பணத்தைப் பெறுதலே குற்றம் என்றாயிற்று. கதை அத்தோடு முடிந்ததென்றே பிரிட்டோரியாவிலிருந்தோர் நினைத்திருக்கலாம். கொலின்ஸோ, வில்லியம் பிராங்கல் என்னும் இலண்டன் சட்டத்தரணியின் துணைகொண்டு, மதிப்புக்குரிய தருமதாபனங்களின் பெயரால் பணம் செல்ல வழிவகுத்தார். தென்னாபிரிக்காவில் வழக்குப் பேசிய சட்டத்தரணிக்கு வந்தது இலண்டன் சட்டத்தரணி அலுவலகம் ஒன்றின் காசோலை; அதன் மூலம் எதுவென்று அவர் கேட்கவில்லை.

குடும்பங்களுக்குரிய வழி இன்னும் எளியது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த தொழிற்சங்க ஊழியரும் எழுத்தாளருமாகிய பிலிஸ் ஆல்ற்மன் நிதியத்தின் அலுவலை நடத்தினார். பிரித்தானியாவிலும் பிறநாடுகளிலும் வாழ்ந்த சாதாரண மக்கள் கடிதம் எழுதுவோராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் சில குடும்பங்கள். நிதியத்தின் பெயர் தோன்றாத வகையில் அவர் கைக்குப் பணம் வரும். அவர் அதனைத் தம் சொந்தப் பெயரில், நண்பரொருவர் அனுப்பும் அன்பளிப்பாக, சிறு தொகையாகத் தபாலில் அனுப்புவார். கூடவே ஒரு கடிதம். அதில் அரசியல் கூடாது. சிறையைப் பற்றிய பேச்சும் கூடாது. காலநிலை, தோட்டம், பிள்ளைகளின் படிப்பு இவையே பொருள். அப்பால் கண்டிராத ஒரு பெண் பதில் எழுதுவாள். அப்பதில் இலண்டன் அலுவலகத்துக்குச் சேரும். இன்னாருக்கு வீட்டு வாடகை நிலுவை, இன்னாரின் பிள்ளைக்குச் சீருடை இல்லை என்பதெல்லாம் அவ்வழியே அறியப்பட்டன. கடிதம் எழுதுவோர் தொகை பல நூறாயிற்று. உதவிபெற்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கின. கைதிகள் தபால்மூலம் பல்கலைக்கழகப் பாடம் கற்கவும் பணம் சென்றது.

இதில் வியக்கத்தக்கது இரகசியம் காக்கப்பட்டமை. ஜெனீவாவில் மாணவருக்கு உதவிய வேறொரு நிதியத்துக்குள் தென்னாபிரிக்க ஒற்றனொருவன் நுழைந்து உயர்பதவியும் பெற்று 1980இல் வெளிப்பட்டான். கொலின்ஸின் நிதியத்துக்குள் நுழைய எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1965இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதே நோக்கோடு ஒரு நம்பிக்கை நிதியை நிறுவியது. சுவீடன் அரசு தாராளமாக அளித்தது. அரசுகளின் பணம் எவ்வழியாக ஒரு சேரிவீட்டின் கதவைத் தட்டியது என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

கொலின்ஸ் 1982ஆம் ஆண்டின் கடைசி நாளில் மறைந்தார். அவரிடத்தைத் திரெவர் ஹடில்ஸ்ரன் ஏற்றார். அரசியற் கைதிகள் றொபன் தீவினின்றும் அகன்ற 1991ஆம் ஆண்டில் நிதியமும் மூடப்பட்டது. அதுவரை அது தென்னாபிரிக்காவுக்கு அனுப்பியது ஏறத்தாழ 10 கோடி பவுண் என்பர். அதன் ஆவணங்கள் கேப்ரவுணுக்கு அண்மையிலுள்ள மேற்குக் கேப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. வழக்கறிக்கைகளோடும் ஒளிப்படங்களோடும் அந்தப் பெண்கள் எழுதிய கடிதங்களும் அங்கே பேணப்படுகின்றன.